கம்ப்யூட்டர் ரூமுக்கு ஒரே ஆள்

பானுப்பிரியாவுக்கு என்ன குறை என்று ஏழாயிரம்பண்ணைப் பக்கம் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "அவளுக்கென்ன, ஏசி ரூம்ல உக்காந்துருக்கா மகராசி" என்பார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? வெயிலில் காய்கிறவர்கள் கண்ணுக்கு ஏசி ஒன்றுதான் தெரியும். காலையில் அந்த ரூமுக்குள் போனவள் சாயங்காலம் வேன் ஏறுகிற வரைக்கும் அவளிடம் ஒரு வார்த்தை பேச ஈ காக்கை கிடையாது என்பது மட்டும் எவர் கண்ணிலும் படாது.

அவள் இருப்பது ஒரு பட்டாசுக் கம்பெனியில். ஆனால் பார்ப்பது கம்ப்யூட்டர் வேலை. கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஒரு மரப்பெட்டி வைத்திருப்பார். உள்ளே போகிறவர்கள் எல்லோரும் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் போகணும். வெடிமருந்து புழங்குகிற இடம், ஒரு பொறி போதுமே. மொதலாளி சண்முகவேலே வந்தாலும் போனைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நடப்பார். அப்புறம் மருந்து அறைகள். ஒன்று பற்றினால் இன்னொன்றுக்குத் தாவக் கூடாது என்று தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு அறைச் சுவரிலும் பெயிண்டில் எழுதியிருக்கும்: ஆள் லிமிட் நாலு, மருந்து லிமிட் இத்தனை கிலோ என்று. இவை எல்லாவற்றையும் விட்டு இன்னும் தள்ளி, கருவேல முள்ளுக்குப் பக்கத்தில் ஆபீஸ் கட்டடம். அதிலிருந்த கணக்கு ஆட்களையெல்லாம் சிவகாசி ஆபீசுக்கு மாற்றியாகிவிட்டது. கணக்கெல்லாம் அடங்கிய சர்வர் பெட்டி மட்டும் இங்கேயே நின்றது. "சரக்கு எங்கன கெடக்கோ அங்கனதான் கணக்கும் கெடக்கணும்" என்பது மொதலாளியின் சட்டம். பெட்டி நின்றதால் பானுவும் நின்றாள். அவளுக்குத் துணைக்கு ஒரு பழைய கம்பிப் போன், சுவரில் ஒரு காலண்டர், அவ்வளவுதான்.

இந்த ரூமுக்காக அவளுடைய அம்மா மாரித்தாய் ஆயுசையே கொடுத்தாள். பேச்சுக்குச் சொல்லவில்லை. இதே கம்பெனியில் மருந்து அடைத்து அடைத்து, அலுமினியப் பொடி நகக்கண்ணெல்லாம் ஏறி, எந்த சோப்புக்கும் போகாத கையோடு போய்ச் சேர்ந்தவள். புருசன் சோணைமுத்து முன்னாடியே போய்விட்டதால் ஒற்றைக் கையாக மகளைப் படிக்க வைத்தாள். "எம் புள்ள மருந்தைத் தொடப்படாது" என்பது ஒன்றைத்தான் சாமியிடம் கேட்டாள். சாமியும் கொடுத்தது. பானு விருதுநகரில் கம்ப்யூட்டர் படித்தாள், மெட்ராசில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள், அங்கே கெட்டிக்காரி என்று பேரும் எடுத்தாள். அம்மாவுக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கியதும் விட்டுவிட்டு ஓடிவந்தாள். மாரித்தாய் மொதலாளி காலில் விழாத குறையாகக் கேட்டுத்தான் இந்த ஏசி ரூம் கிடைத்தது. மகளை அதில் உட்கார வைத்துக் கண்குளிரப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாளில் கண்ணை மூடிவிட்டாள்.

கல்யாணமா? அதைக் கேட்காதீர்கள், வயிறு எரியும். உள்ளூர் மாப்பிள்ளை வீட்டார் வந்து, "இம்புட்டுப் படிச்ச புள்ள, நம்ம பயலுக்கு அடங்குமா" என்று எழுந்து போனார்கள். படித்த மாப்பிள்ளை வீட்டார் வந்து, "மருந்து வேலை பாத்தவ மகளா" என்று எழுந்து போனார்கள். ரெண்டு கூட்டமும் கேசரியை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் போனது. மனுசர்களா இவர்கள்! அதற்கப்புறம் யாரும் வரவில்லை, அவளும் யாரையும் எதிர்பார்க்கவில்லை. வீட்டிலும் ஒற்றை ஆள், வேலையிலும் ஒற்றை ஆள் என்று காலம் ஓடியது.

ஆனி மாசம் மொதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. ஆடி பிறந்தால் தீபாவளி ஆர்டர் குவிய ஆரம்பித்துவிடும். போன சீசனில் பழைய சாப்ட்வேர் ஆர்டர் தாங்காமல் படுத்துக்கொண்டது. ஒரே சரக்கை ரெண்டு ஊர் வியாபாரிக்கு எழுதிவிட்டு, கம்பெனியே ஏச்சு வாங்கியது. அதனால் சரக்கு, ஆர்டர், ஆள் வருகை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கி வைக்கிற பெரிய டேட்டாபேஸ் ஒன்றை மெட்ராஸ் கம்பெனியில் வாங்கினார். ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற கதையாக, பெட்டி மட்டும் பழையதே போதும் என்றார்.

இந்த மாதிரி டேட்டாபேசை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பெட்டிக்குள் எல்லாவற்றையும் மேய்க்கிற இயங்குதளம் ஒவ்வொருவருக்கும் லிமிட் வைத்திருக்கும். ஒரே நேரத்தில் இத்தனை கோப்புதான் திறக்கலாம், இத்தனை வேலைதான் ஓட்டலாம், நினைவகத்தில் இம்புட்டு இடம்தான் பிடிக்கலாம் என்று. ஒருத்தரே எல்லாவற்றையும் வளைத்துப் போட்டுப் பெட்டியை முடக்கிவிடக் கூடாதே, அதற்குத்தான். ஆனால் டேட்டாபேஸ் பெருந்தீனிக்காரன். அந்த லிமிட்டுக்குள் அவனுக்கு மூச்சு முட்டும். ஆகவே ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு லிமிட்டையும் கூட்டி வைக்கணும். கூட்டாமல் விட்டால், கூடவே வருகிற சோதனை புரோகிராம் "லிமிட் போதாது" என்று சிவப்பெழுத்தில் காட்டி நின்றுகொள்ளும். பானுவுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. லிமிட் என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே கேட்டு வளர்ந்தவள். மருந்து அறை லிமிட்டைத் தாண்டினால் உயிர் போகும். பெட்டி லிமிட்டை யோசித்துக் கூட்டினால் ஒன்றும் வெடிக்காது.

முதல் நாள் அவள் மெட்ராசுக்குப் போன் போட்டது நியாயமான காரணத்துக்குத்தான். கோப்பு லிமிட்டை அவள் சரியாகத்தான் கூட்டியிருந்தாள். ஆனாலும் சோதனையில் சிவப்பு. ஆள் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்து தொடங்குகிற வேலைக்கு லிமிட்டை ஓரிடத்தில் எழுதணும், பெட்டி தானாகக் கிளப்புகிற வேலைக்கு இன்னோரிடத்தில் எழுதணும். இந்த டேட்டாபேஸ் எந்த இடத்தைப் பார்க்கிறது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. அந்தப் பக்கம் போனை எடுத்தவன் பேர் ராம்குமார் என்றான். விசயத்தைக் கேட்டதும் இடத்தைச் சொன்னான். அவள் எழுதினாள்.

"ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம். நான் லைன்லயே இருக்கேன்."

பழைய பெட்டி அல்லவா, முக்கி முனகி எழுந்திருக்க நேரமாகும். அந்தப் பக்கம் தட்டில் கரண்டி இடிக்கிற சத்தம் கேட்டது.

"சாரி மேடம், லஞ்ச் டைம். நீங்க சாப்ட்டீங்களா?"

அவன் எல்லோரிடமும் கேட்பதுதான் அது. பெட்டி எழுந்திருக்கிற வரைக்கும் என்னத்தைப் பேச என்று கேட்டது. ஆனால் அம்மா போன பிறகு அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. பதில் சொல்லும் முன்னால் ஒருதரம் செருமிக்கொண்டாள். காலையிலிருந்து பேசாத தொண்டை.

"சாப்ட்டேன் சார்" என்றாள். பொய். டிபன் பாக்சை அவள் திறக்கவே இல்லை.

அவன் பட்டாசு ஊரைப் பற்றிக் கேட்டான். தீபாவளிக்கு அங்கே ஊரே அதிருமோ என்றான். "எங்க சார், ஊருக்கெல்லாம் வெடி செஞ்சு குடுத்துட்டு நாங்க அன்னைக்குத்தான் படுத்துத் தூங்குவோம்" என்றாள். அவன் சிரித்தான். தன் பேச்சுக்கு ஒருத்தர் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கு நினைப்பு ஓடியது. பெட்டி எழுந்தது, சிவப்பு போய்ப் பச்சை வந்தது, அவன் வைத்துவிட்டான். ரூம் மறுபடியும் ஏசி சத்தத்துக்கு வந்தது. அவளுக்கு அழுகை வந்தது, இதற்கெல்லாமா அழுவார்கள் என்று தன்னையே வைதுகொண்டாள்.

சோதனையில் இன்னும் ஒரு வரிசைச் சிவப்பு மிச்சம் இருந்தது. வேலை லிமிட், நினைவக லிமிட், பகிர்ந்துகொள்ளும் நினைவகத்தின் அளவு, இப்படி. எதற்கு எவ்வளவு என்று மெட்ராஸ் கம்பெனி கொடுத்த பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. ஒரு டீ ஆறுவதற்குள் அத்தனையும் முடித்துவிடுவாள். அன்றைக்கு மத்தியானமே முடித்திருக்கலாம்.

முடிக்கவில்லை. மறுநாள் போனை எடுத்து, "சார், இன்னைக்கு வேற ஒரு லிமிட் போதாதுங்குது" என்றாள்.

அடி கள்ளி! அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஒரு சிவப்பு. ஒன்றைச் சரிபண்ணுவாள், அடுத்ததைத் தொடாமல் விடுவாள். மத்தியானம் போன் போடுவாள். அவன் வழி சொல்லுவான், அவள் ஒன்றும் தெரியாதவளைப் போல ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுக் கேட்டு அடிப்பாள். "இதுக்கு ரீஸ்டார்ட் வேண்டாம் மேடம், ஒரு கமாண்ட் அடிச்சாலே போதும்" என்று அவன் சொன்னால், "பழைய பெட்டி சார், எதுக்கும் ஒருதடவை பண்ணிருவோமே" என்பாள். அது எழுந்து வருகிற நேரம் அவளுடைய நேரம். அவனுக்கு வந்தவாசிப் பக்கம் என்றும், மெட்ராசில் நாலு பேரோடு ஒரு அறையில் தங்கியிருக்கிறான் என்றும், சாம்பாரில் முருங்கைக்காய் போட்டால் பிடிக்காது என்றும் தெரிந்துகொண்டாள். அவளும் சொல்லுவாள். மருந்து அறைக்குள் நைலான் சேலை கட்டிக்கொண்டு போகக் கூடாது, வாசலில் பதித்திருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போகணும் என்று சொன்னபோது, "நிஜமாவா மேடம்!" என்று சின்னப் பிள்ளையாட்டம் கேட்டான். அன்றைக்கு முழுக்க அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

அவனுக்கு அது வேலை, இன்னொரு போன் வந்தால் இன்னொருத்தரிடமும் இதே குரலில்தான் பேசுவான் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். காதல் கீதல் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் முகம் எப்படி இருக்கும் என்றுகூட அவள் யோசித்ததில்லை. அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தது, கேட்டது, பதில் சொன்னது. அவளுக்கு அதுவே போதும். சிவப்பு எல்லாம் தீர்ந்தால் அந்தக் குரலும் தீர்ந்துபோகும் என்று மட்டும் தினமும் மிச்சத்தை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

போர்மேன் கோட்டைச்சாமி ஒருதரம் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், ஆடி பொறக்கப் போகுது. சிவகாசியில கேட்டுக்கிட்டே இருக்காக. எப்ப முடியும்?"

"முடிஞ்சுரும்ணே. பெட்டி பழசு, மல்லுக்கட்டுது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். பொய் சொல்லிவிட்டோமே என்று அவளுக்குக் கூசியது. இந்தக் கூத்தெல்லாம் எதற்கு, பேச ஆள்தானே வேணும், கம்பெனி நிறையப் பெண்கள் இருக்கிறார்களே என்று தனக்குத்தானே புத்தி சொல்லிக்கொண்டு, அன்றைக்குப் போனைத் தொடாமல் எழுந்து மருந்து அறைப் பக்கம் நடந்தாள்.

மாடத்தி இருக்கிற அறைக்குத்தான் போனாள். மாரித்தாயோடு ஒரே அறையில் காலமெல்லாம் உட்கார்ந்து வேலை பார்த்தவள் மாடத்தி. பானுவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். "ஏட்டி, கருவாச்சி" என்றுதான் கூப்பிடுவாள். வாசலில் பானு நின்றதும் உள்ளே நடந்துகொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றது. நாலு பெண்களும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"வாங்க மேடம்" என்றாள் மாடத்தி.

"சித்தி, நாந்தான் சித்தி."

"தெரியுது மேடம். என்ன வேணும், கணக்கு எதுவும் பாக்கணுமா?"

"சும்மாதான் வந்தேன். என்னமோ சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தீகளே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்" என்றாள் இன்னொருத்தி, மொதலாளி வீட்டு ஆளிடம் சொல்லுகிற மாதிரி.

பானு செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு ஒரு கால் உள்ளே வைத்தாள். ஓரமாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவர்கள் பேசுவதைக் கேட்டால் போதும் என்றிருந்தது. அதற்குள் மாடத்தி பதறிப்போய்க் கையை நீட்டினாள்.

"வேண்டாம் வேண்டாம், உள்ள வராதீக! இங்கன நாலு பேரு இருக்கோம். நீங்க வந்தா அஞ்சு. சட்டம் ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன. அந்த நாலு என்ற கணக்கை மீறி ஆள் உட்கார்ந்த அறைகள் என்னவாயின என்று அந்தப் பக்கத்துப் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மாடத்தி செய்தது சரி. பானு வைத்த காலை எடுத்துக்கொண்டாள். திரும்பி நாலு எட்டு நடக்கும் முன்னேயே முதுகுக்குப் பின்னால் பேச்சும் சிரிப்பும் மறுபடி கிளம்பியது. அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. அம்மா இந்தப் பக்கமே வராதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாள், இப்போது நிஜமாகவே வர முடியாமல் போயிற்று.

அடுத்த நாள் மறுபடி போனை எடுத்தாள். இந்தத் தடவை ராம்குமார் குரலில் ஒரு குஷி.

"மேடம், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. லீவு நாள்ல உக்காந்து உங்களுக்காகவே ஒரு புரோகிராம் எழுதியிருக்கேன். மெயில்ல அனுப்பிட்டேன். ஓட்டினீங்கன்னா எல்லா லிமிட்டும் ஒரே அடியா கூடிடும். இனிமே தினமும் கூப்பிட்டுச் சிரமப்பட வேண்டாம்."

"சிரமமெல்லாம் இல்ல சார்" என்றாள் மெதுவாக.

"எனக்குத் தெரியாதா மேடம்? பாவம், தனியா போராடிட்டு இருக்கீங்க."

அவன் அனுப்பியதைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு வரிக்கு மேலேயும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல விளக்கம் எழுதியிருந்தான். மேடம், இது கோப்பு லிமிட். மேடம், இந்த எண்ணை மாத்தாதீங்க. மேடம், பயப்படாதீங்க. நல்ல பிள்ளை, மனசார எழுதியிருக்கிறான். அவளை மக்கு என்று நம்பி எழுதியிருக்கிறான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அது அவனோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அன்றைக்குச் சாயங்காலம் மொதலாளி சண்முகவேல் ஆபீசுக்கே வந்துவிட்டார். கோபமாக வந்திருந்தாலாவது தாங்கிக்கொள்வாள், மனுசர் அன்பாக வந்தார்.

"ஏம்மா, கஷ்டமா இருந்தா எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே? மெட்ராஸ் கம்பெனியில இருந்து கடுதாசி வந்துருக்கு. ஒங்க ஆளுக்கு அனுபவம் பத்தல, இனிமே பெட்டியை நாங்களே மெட்ராசுல இருந்தபடி பாத்துக்கிடுதோம்ங்கிறாக."

"இல்ல மொதலாளி..."

"இரு, சொல்லி முடிச்சிருதேன். நாளைக்குள்ள வேலை முடிஞ்சாகணும். முடிச்சதும் தாமசத்துக்கு என்ன காரணம்னு அவுக ஒரு மெயில் அனுப்புவாக. தப்பு அவுக மேலயோ மெசின் மேலயோன்னா, நீ இங்கனயே இரு. ஒம்மேலன்னா பெட்டியைப் பாக்குற பொறுப்பு மெட்ராசுக்குப் போயிரும். அதுக்காக ஒன்னைத் தெருவுல விட்டுற மாட்டேன். மாரித்தாய் மகள்லா. பேக்கிங் செக்சன்ல ஒரு வேலை போட்டுத் தாரேன்."

அவர் போன பிறகு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பேக்கிங் செக்சன் என்றால் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து பட்டாசைப் பெட்டியில் அடுக்குவது. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், போனால்தான் என்ன, அங்கே பேச ஆள் இருக்குமே என்று மனசு சொன்னது. அடுத்த நிமிசம் அந்த மனசை இழுத்து வைத்து அறையலாம் போலிருந்தது. நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பொடியோடு செத்தவள் இதற்கா செத்தாள்? ஒரு குரலைக் கேட்கிற ஆசையில் அம்மா வாங்கிக் கொடுத்ததைத் தானே தூக்கிக் கொடுக்கப் பார்த்தோமே!

மறுநாள் காலையில் வந்ததும் வராததுமாக உட்கார்ந்தாள். ராம்குமார் எழுதிய புரோகிராமை ஓட்டவில்லை. தானே அடித்தாள். வேலை லிமிட், நினைவக லிமிட், மிச்சம் மீதி அத்தனையும் எங்கே எழுதணுமோ அங்கே எழுதினாள். ரீஸ்டார்ட் செய்யவில்லை, தேவையும் இல்லை. சோதனையை ஓட்டினாள். மேலிருந்து கீழே வரைக்கும் பச்சை. டேட்டாபேசை ஏற்றினாள், அது மறுபேச்சில்லாமல் ஏறிக்கொண்டது. டீக்காரர் வைத்துவிட்டுப் போன டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது. அதைக் குடிக்கத் தோன்றவில்லை.

போனை எடுத்தாள்.

"முடிஞ்சிருச்சு சார். ஏத்தியாச்சு."

"சூப்பர் மேடம்! புரோகிராம் வேலை செஞ்சுதா?"

"நீங்க எழுதுனது நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றாள். அதில் பொய் இல்லை.

"அப்ப டிக்கெட்டை, அதான் உங்க புகாரை, மூடிடலாம். ஒரே ஒரு விசயம் மேடம். தாமதத்துக்குக் காரணம் ஒண்ணு போட்டாத்தான் மூட விடும். லிஸ்ட்ல இருக்கறதுல ஒண்ண எடுக்கணும். வாடிக்கையாளருக்குப் பயிற்சி போதாதுன்னு ஒண்ணு இருக்கு..." அவன் தயங்கினான். "அதைப் போட்டா உங்களுக்குப் பிரச்சினையா மேடம்?"

"வேலை போயிரும் சார்."

"அப்ப அது வேண்டாம். மென்பொருள் கோளாறுன்னு போட்டா எங்க ஆளுங்க தோண்டிப் பாப்பாங்க, கோளாறே இல்லன்னு வந்துடும். மெசின் பழுதுன்னு போட்டாலும் அதே கதைதான். வழிகாட்டியவர் தவறுன்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுக்கறேன் மேடம். பரவால்ல, எனக்கு ஒரு திட்டு விழும், அவ்வளவுதான்."

யார் பெற்ற பிள்ளையோ! அவள் செய்த கள்ளத்தனத்துக்கு அவன் ஏச்சு வாங்குவதா? போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மூச்சை இழுத்துவிட்டு, கடகடவென்று சொல்லிவிட்டாள்.

"அதைப் போடாதீங்க சார். தப்பு ஒங்க மேல இல்ல. மொத நாள் கூப்பிட்டது மட்டுந்தான் நெசம். மிச்சமெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். நான் மெட்ராசுல இதே வேலை பாத்தவ. ரீஸ்டார்ட் வேண்டாம்னும் தெரியும். இங்க எனக்குப் பேச ஆள் இல்ல சார். வீட்லயும் இல்ல. அதுக்காகத்தான் கூப்பிட்டேன். அதையே காரணமாப் போடுங்க."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது. ஃபேன் சுற்றுவது கேட்டது. யாரோ ஒருத்தர் தூரத்தில் இன்னொரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள். மவுஸ் சக்கரத்தை உருட்டுகிற சத்தம் மெல்லக் கேட்டது, மேலேயும் கீழேயும்.

"மேடம்" என்றான் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "அப்படி ஒரு காரணம் லிஸ்ட்ல இல்லையே மேடம்."

அவன் குத்திக் காட்டவில்லை, கேலியும் பண்ணவில்லை. நிஜமாகவே மேலிருந்து கீழே வரைக்கும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். என்ன சொல்வது என்று தெரியாத பிள்ளை, கண் முன்னால் இருந்ததைச் சொன்னது.

"அடியில 'இதர'ன்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுடவா?"

"போட்டுருங்க சார்."

ரெண்டு தட்டுச் சத்தம் கேட்டது. "மூடியாச்சு மேடம்" என்றான். அப்புறம், அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிற வாக்கியம், நாக்கில் தானாக வந்தது: "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்திருக்க வேண்டும், சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

"வேண்டாம் சார். நல்லாருங்க" என்று சொல்லிவிட்டு அவள்தான் முதலில் வைத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் மொதலாளி வந்தார். கையில் மெயிலை அச்செடுத்து வைத்திருந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒருமுறைக்கு ரெண்டு முறை படித்துப் பார்த்தார்.

"தப்பு ஒம்மேலயும் போடல, அவுக மேலயும் போடல. இதரன்னு போட்டுருக்கான். இதரன்னா என்ன தாயி?"

பானு பச்சை பச்சையாக நின்ற திரையைப் பார்த்தாள்.

"சொல்றாப்புல ஒண்ணுமில்ல மொதலாளி."

"அப்பச் சரி" என்று அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. "மெட்ராசுக்காரன் எதுக்கு நமக்கு? இனிமே பெட்டியை நீயே பாத்துக்க. யாரும் ஒன்னைத் தொந்தரவு பண்ணாம நான் சொல்லிருதேன்."

ரூம் குளிர்ச்சி வெளியே போகாமல் கதவை நன்றாகச் சாத்திவிட்டுப் போனார்.